தையல் யந்திரத்தின் கதை

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் வேதாரண்யத்தை அடுத்துக் கரையைக் கடந்த கஜா புயலை எங்கள் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருத்துறைப்பூண்டிக்கு அருகே உள்ள எங்கள் ஊரில் அந்த ஓர் இரவுக்குப்பின் நின்ற தென்னைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த ஓட்டுக் கொட்டகையும் அன்று கூரையை இழந்தது. மூன்று வாரம் சென்றபின், இடிபாடுகளை அகற்றலாம் என்று பழைய இரும்பு வாங்குபவர் ஒருவரை அழைத்து வந்தேன். துருப்பிடித்த வாளி, கிணற்று உருளை, ஒடிந்த கட்டிற்கால் என்று ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றிக்கொண்டே வந்தவர், ஓடுகளுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்றை இழுத்துத் தராசில் வைத்தார். "பதின்மூணு கிலோ இருக்கு சார், கால் தனி" என்றார். அது என் தாயாரின் தையல் யந்திரம்.

அதைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தவன் நானேதான். 1999ஆம் ஆண்டில் அம்மா காலமானபின், கூடத்தில் இடத்தை அடைக்கிறதே என்று எண்ணி அப்புறப்படுத்தச் சொன்னேன். நாளடைவில் அதன்மேல் உரச்சாக்கு ஏறியது; உடைந்த நாற்காலி ஏறியது. நான் வரலாறு கற்பித்த ஆசிரியன். கோயிற் கல்வெட்டுகளின்மீது சுண்ணாம்பு அடிப்பவர்களைப்பற்றி ஆண்டுதோறும் மாணவர்களிடம் மனம் நொந்து பேசியவன். அப்படிப்பட்டவனின் வீட்டுக் கொல்லையில் இந்தப் பொருள் பத்தொன்பது ஆண்டு கிடந்தது. இரும்பு வியாபாரியிடம், "இது வேண்டாம், இறக்கி வையுங்கள்" என்றேன். அவர் வியப்படையவில்லை. "எல்லா வீட்டிலும் ஏதாவது ஒண்ணை இப்படி இறக்கச் சொல்றாங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளை எடுத்தார்.

என் தந்தையார் 1967இல் இறந்தபோது எனக்கு எட்டு வயது. மறு ஆண்டு அம்மா தம் இரண்டு வளையல்களை விற்று, கடைத்தெருவில் தொழிலை விட்டுவிட்ட முதிய தையற்காரர் ஒருவரிடம் இந்த யந்திரத்தை வாங்கினார். விலை 160 ரூபாய். பாதி ரொக்கம்; மீதி, மாதம் பத்து ரூபாயாக எட்டு மாதம். அந்தப் பத்து ரூபாயை ஒவ்வொரு மாதமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. ரவிக்கை, பாவாடை, பள்ளிப் பிள்ளைகளின் நீலக் கால்சட்டை, தலையணையுறை என்று அவர் தைக்காதது இல்லை. 1977இல் நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது விடுதிக்குக் கட்டிய பணம் இந்த மிதிபலகையிலிருந்து வந்தது. 1981இல் நான் வேலைக்குச் சென்ற பிறகும் அவர் தைப்பதை நிறுத்தவில்லை. நான் தடுத்துப் பார்த்தேன். "கால் பழகிப்போச்சுடா" என்பதுதான் பதில்.

நேயர்களே! இனி நான் சொல்லப்போவது சிறிது வெட்கத்துக்குரிய செய்தி. பணியில் இருந்த முப்பத்தாறு ஆண்டுகளில், காந்தி பிறந்த நாள் விழாவில் ஒரு கதையை நான் தவறாமல் சொல்லி வந்தேன். 1924ஆம் ஆண்டில் தில்லியில், சாந்திநிகேதனத்து மாணவராக இருந்த இராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியடிகளைக் கண்டு, யந்திரங்கள் அனைத்தையுமே தாங்கள் எதிர்க்கிறீர்களா என்று வினவினார். இவர்தாம் பிற்காலத்தில், 1947இல், தம் துணைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். அடிகள் விதிவிலக்காக எடுத்துக் காட்டிய பொருள் ஸிங்கர் தையல் யந்திரம். தம் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் காணப் பொறாமல், அவர்பால் கொண்ட அன்பினால் ஸிங்கர் அந்தப் பொறியைக் கண்டுபிடித்தார் என்பது அடிகள் கேள்விப்பட்டிருந்த வரலாறு. அதை நான் மேடையில் சொல்லும்போது என் தாயாரை எண்ணிக்கொள்வேன், குரல் தழுதழுக்கும், பிள்ளைகளும் அமைதியாகக் கேட்பார்கள். நான் சொல்லிய கதைகளில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது அதுவே. அது நடந்த கதைதானா என்று முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் ஆராய்ந்து பார்க்கவில்லை.

யந்திரத்தைத் துடைத்துத் திண்ணையில் வைத்துக் கைச்சக்கரத்தைத் திருப்பினேன். அசையவில்லை. பலங்கொண்ட மட்டும் திருப்பினேன். சுத்தியலால் மெல்லத் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோதே, அது தெரியாதவன் செய்யும் காரியம் என்று ஏதோ ஒன்று உள்ளே சொல்லிற்று. மன்னார்குடியில் தையல் யந்திரங்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். எழுபதைக் கடந்தவர். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். நானும் அவ்வாறே அழைத்தேன். பேருந்தில் வந்து இறங்கி, திண்ணையில் அமர்ந்து, யந்திரத்தைத் தொடாமலே சிறிது நேரம் பார்த்தார். பிறகு ஊசி ஏறி இறங்கும் தண்டில் விரல் நுனியை வைத்துத் தேய்த்து முகர்ந்தார்.

"துரு பிடிச்சு நின்னுபோச்சுன்னு நினைக்கிறீங்க சார். துரு மேலேதான் இருக்கு. உள்ளே பிடிச்சிருக்கிறது எண்ணெய். யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்காங்க."

அந்த யாரோ நான்தான். சனிக்கிழமைதோறும் யந்திரத்துக்கு எண்ணெய் விடுவது சிறு வயதில் என் பொறுப்பு. யந்திர எண்ணெய்ப் புட்டி தீர்ந்துபோன வாரங்களில், அம்மாவிடம் சொல்லாமல் சமையற்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து விட்டிருக்கிறேன். யந்திரத்துக்கென்று விற்கும் எண்ணெய் மண்ணிலிருந்து எடுப்பது, தெளிவானது, ஆண்டுகள் சென்றாலும் அவ்வளவாகக் கெட்டிப்படாது. உண்பதற்கும் தலையில் தடவுவதற்கும் உரிய எண்ணெயோ நாளடைவில் பிசினாகி, அரக்கைப்போல் இறுகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வரையில் தெரியாது. நின்றுவிட்டால், நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். பாயிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்து, "நாடு முழுக்க அப்படித்தான் சார்; எனக்குப் பாதி பிழைப்பு அதுலதான்" என்றார்.

அவர் கூறிய மருத்துவம் எளிது. ஆனால் பொறுமை வேண்டுவது. எண்ணெய் விடும் துளைகள் ஒவ்வொன்றிலும், உலோகத்தோடு உலோகம் உராயும் ஒவ்வோர் இடத்திலும், சில துளி மண்ணெண்ணெய் விடவேண்டும். யந்திரத்தை முற்றத்து வெயிலில் வைக்கவேண்டும்; சூடு ஏறினால் பிசின் இளகும். மாலையில் கைச்சக்கரத்தை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். அசைந்தால் அசைந்த மட்டும். மேற்கொண்டு பலவந்தம் கூடாது. மறுநாள் மறுபடியும் அதே சிகிச்சை. முதல் மூன்று நாள் பயனே இல்லை. நான்காம் நாள் ஒரு நெல் அளவு அசைந்தது. ஒன்பதாம் நாள் மாலை, முழுச் சுற்றுச் சுற்றியது; கறுத்த குழம்பு ஒன்று துளைகளின் வழியே வழிந்தது. மண்ணெண்ணெய் கரைக்குமேயன்றி உராய்வைத் தடுக்காது. ஆகவே அது வழிந்து தீர்ந்தபின் உரிய எண்ணெயை விட்டு, பழைய துணியில் அழுக்கு வராத வரையில் ஓட்டவேண்டும் என்று பாய் எச்சரித்திருந்தார், அவ்வாறே செய்தேன்.

இந்த ஒன்பது நாளும் காத்திருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லாமையால், தையல் யந்திரத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க நான் சொல்லி வந்த கதை கையைவிட்டு நழுவிற்று.

முதலில் யந்திரத் தையலின் நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் சண்டையின் காரணம் விளங்கும். நாம் கையால் தைக்கும் ஊசிக்குக் காது அடியில் இருக்கிறது. ஊசி முழுவதும் துணியைத் துளைத்து மறுபக்கம் சென்று, நூலையும் உடன் இழுத்துச் செல்கிறது. யந்திர ஊசிக்குக் காது நுனியை ஒட்டி இருக்கிறது. அது துணியின் மறுபக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதே அன்றி, முழுவதும் போவதில்லை. திரும்பும் தறுவாயில் நூல் சற்றே தளர்ந்து ஒரு சிறு கண்ணியாக நிற்கும். கீழே காத்திருக்கும் கொக்கி அந்தக் கண்ணியைப் பற்றி, பாபினில் உள்ள மற்றொரு நூலைச் சுற்றிக் கொண்டுவருகிறது. மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கட்டிக்கொள்கின்றன. இவ்வளவுதான். ஆனால் கை செய்வதை யந்திரம் அப்படியே செய்யவேண்டியதில்லை என்னும் இந்த உண்மையை உணர மனிதருக்கு நெடுங்காலம் பிடித்தது.

பிரான்சு நாட்டில் தீமோனியே என்ற தையற்காரர் 1830இல் ஒரு யந்திரத்துக்கு உரிமை பெற்றார். அது ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடுவது. பாரிஸில் எண்பது யந்திரங்களை வைத்துப் படைவீரர்களுக்குச் சீருடை தைக்கத் தொடங்கினார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் கூட்டமாகப் புகுந்து யந்திரங்களை உடைத்தார்கள். அவர் 1857இல் வறுமையில் இறந்தார். உடைத்தவர்களும் வறியவர்கள், உடைபட்டவரும் வறியவர். அமெரிக்காவில் வால்ட்டர் ஹண்ட் என்பவர் 1834ஆம் ஆண்டை ஒட்டி, நுனியில் காதுள்ள ஊசியும் இரண்டு நூலும் கொண்ட யந்திரத்தைச் செய்தே முடித்துவிட்டார். அதை வைத்துத் தொழில் நடத்துமாறு மகளிடம் கூற, தையலையே நம்பியிருக்கும் பெண்களின் கதி என்னாவது என்று அவர் மறுத்ததாகச் சொல்வார்கள். ஹண்ட் உரிமை கோராமல் அதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார். இன்று நம் வீட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பில் குத்திக்கொள்கிறார்களே, அந்தப் பாதுகாப்பு ஊசி அவர் 1849இல் செய்தது.

மனைவி தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் பெயர் ஸிங்கர் அன்று, எலியாஸ் ஹௌ. உடல் நலிந்து வேலைக்குப் போக முடியாத நாட்களில், மனைவி பிறர் துணியைத் தைத்துக் குடும்பத்தைக் காத்தார் என்றும், அவர் கைகளின் அசைவைப் பார்த்தபடியே ஹௌ பொறியை எண்ணிக்கொண்டிருந்தார் என்றும் சொல்லப்படுகிறது. 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் உரிமை பெற்றார். வாங்குவார் இல்லை. இங்கிலாந்து சென்று ஒரு முதலாளியிடம் வேலைசெய்தும் பயன் இல்லாமல், கையில் காசின்றித் திரும்பினார். சிறிது காலத்தில் மனைவி காசநோயால் மாண்டார். அந்த அம்மையாருக்கு யந்திரத்தால் ஒரு நாள் ஓய்வும் கிடைக்கவில்லை.

ஹௌ ஊர் திரும்பிப் பார்த்தபோது, பலர் அவர் முறையிலேயே யந்திரம் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஐஸக் மெரிட் ஸிங்கர். இவர் நாடகக்காரர், சொந்தக் குழு வைத்து ஊர் ஊராக நடித்தவர். 1850இல் பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில், பழுது பார்க்க வந்த தையல் யந்திரத்தைக் கண்டு, அதைவிட நன்றாகச் செய்யலாம் என்று முனைந்து, நாற்பது டாலர் செலவில் பதினொரு நாளில் செய்து முடித்ததாக அவரே கூறியிருக்கிறார். அவர் திறமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஊசி நேராக மேலும் கீழும் இயங்குவது, துணி தட்டையான மேசைமேல் கிடப்பது, அதை ஒரு பாதம் அழுத்திப் பிடிப்பது, காலால் மிதிப்பது ஆகிய அமைப்பு 1851இல் அவர் உரிமை பெற்ற யந்திரத்தோடு நிலைபெற்றது. ஆனால் அவரைத் தூண்டியது பணமே. அதை அவர் மறைத்ததும் இல்லை. அவருடைய இல்லறமோ, ஐந்து பெண்களும் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளுமாக விரிவது. வானொலியில் அதை விவரிப்பது நாகரிகம் ஆகாது. மனைவிமேல் கொண்ட அன்பு என்று நான் சொல்லி வந்தேனே, எந்த மனைவி என்று ஒரு மாணவன் கேட்டிருந்தால் என் பாடு என்னவாகியிருக்கும்!

வழக்கு நடந்தது, 1854இல் ஹௌ வென்றார். ஆயினும் ஒருவர் யந்திரத்தில் மற்றொருவர் உரிமை கலந்திருந்தமையால், எவரும் எவரையும் செய்யவிடாமல் தடுக்க முடிந்தது. 1856இல் ஸிங்கர் உள்ளிட்ட மூன்று கம்பெனிகளும் ஹௌவும் தத்தம் உரிமைகளை ஒன்றாக்கிப் பொதுவில் வைத்துக்கொண்டனர். அதே ஆண்டில் ஸிங்கரின் கூட்டாளியான எட்வர்டு கிளார்க் என்ற வழக்கறிஞர் மற்றொரு காரியம் செய்தார். நூறு டாலருக்கு மேற்பட்ட பொருளைச் சாதாரணக் குடும்பம் ஒரே முறையில் வாங்க இயலாது. ஆகவே முன்பணம் சிறிது, மீதி மாதந்தோறும் என்னும் தவணை முறையை வகுத்தார். என் கருத்தில், ஊசியின் காதை இடம் மாற்றியதற்கு அடுத்தபடியாக உலகத்தை மாற்றிய யோசனை அதுவே. மாதம் பத்து ரூபாயாக நான் கடைத்தெருவுக்குச் சுமந்த பணம், கிளார்க் காட்டிய வழியில் நடந்த பணம்தான்.

பயன் இல்லை என்று சொல்லவும் முடியாது. 1861இல் ஒரு யந்திரக் கம்பெனி சோதித்து வெளியிட்ட கணக்கின்படி, ஆடவர் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிஷம் ஆயிற்று; யந்திரத்தால் 1 மணி 16 நிமிஷம். விற்பவர் சொல்லும் கணக்காகையால் சிறிது தள்ளுபடி செய்துகொள்ளலாம். தள்ளினாலும் வேற்றுமை பெரிது.

யந்திரத்தின் அடிப்பலகையில், அழுக்கை நீக்கியபின் ஓர் எண் தெரிந்தது. 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்தோடு தொடங்கியது. ஸிங்கர் கம்பெனி ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் எழுத்துகளை ஒதுக்கி எண் இட்டது. அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டதில், எங்கள் யந்திரம் 1920களில் ஸ்காட்லாந்து நாட்டின் கிளைட்பாங்க் நகரில், கில்போவி தொழிற்சாலையில் பிறந்தது என்று அறிந்தேன். 1882இல் கட்டத் தொடங்கி 1885இல் திறக்கப்பெற்ற அத்தொழிற்சாலை, உலகத்திலேயே மிகப்பெரிய தையல் யந்திரச் சாலையாய் இருந்தது. 1913ஆம் ஆண்டில் மட்டும் அங்கிருந்து 13 லட்சம் யந்திரங்கள் வெளியேறின. அதன் கடிகாரக் கோபுரத்தைப் பார்த்தே ஊர் எழுந்து உறங்கியது. இன்று தொழிற்சாலையும் இல்லை, கோபுரமும் இல்லை. 1963இல் கோபுரம் இடிக்கப்பெற்றது. 1980இல் சாலை மூடப்பெற்றது. அங்குள்ள ரயில் நிலையம் மட்டும் ஸிங்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அத்தொழிற்சாலையின் வரலாற்றில் 1911ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. யந்திரத்தின் மரப்பெட்டிகளுக்கு மெருகேற்றும் பகுதியில் பதினைந்து பெண்கள் இருந்தனர். மேற்பார்வையாளர்கள் அவர்களில் மூவரை வேறிடத்துக்கு மாற்றி, அந்த மூவரின் வேலையையும் எஞ்சிய பன்னிருவரின் தலையில் சுமத்தினார்கள். மார்ச்சு மாதத்தில் அந்தப் பன்னிருவரும் வேலையை நிறுத்தினர். ஓரிரு நாட்களில், பன்னீராயிரம்பேர் வேலை செய்த இடத்தில் ஏறத்தாழப் பதினோராயிரம்பேர் வெளியே நின்றார்கள். மூன்று வாரம் சென்று வேலைநிறுத்தம் தோற்றது. முன்னின்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் பின்னர் வேலை இழந்தனர். தில்லி உரையாடலின் பிற்பகுதி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. நான் மேடையில் ஒருபோதும் சொல்லாத பகுதி. தையல் யந்திரத்தை ஏற்றுக்கொண்டால், அதைச் செய்வதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று இராமச்சந்திரன் விடாமல் கேட்டார். ஆம், ஆனால் அத்தகைய தொழிற்சாலை நாட்டுக்கு உடைமையாகவோ அரசின் ஆட்சிக்கு உட்பட்டதாகவோ இருக்கவேண்டும், அங்கே உழைப்போர் நல்ல நிலையில் உழைக்கவேண்டும், பேராசைக்குப் பதிலாக அன்பே நோக்கமாகவேண்டும் என்பது அடிகள் தந்த விடையின் கருத்து. ஸிங்கரைப் பற்றி அவர் கேட்டறிந்த செய்தி பிழையாயிருக்கலாம். இராமச்சந்திரனின் கேள்விக்கு அவர் சொன்ன விடையில் பிழை காண என்னால் இயலவில்லை.

மெருகேற்றும் வேலை எத்தகையது என்பதை நானும் அறிந்தேன். மழை குடித்த மேசைப்பலகை இரண்டாகப் பிளந்து, ஒட்டுப்பலகை சுருண்டு எழும்பியிருந்தது. தச்சர் ஒருவர், புயலில் சாய்ந்த தேக்கிலிருந்து வேறு பலகை அறுத்துக் கொடுத்தார். அதற்கு உப்புக்காகிதம் தேய்த்து, அரக்கு மெருகைத் துணிப்பந்தால் சுழற்றிச் சுழற்றி ஏற்றினேன். அரைமணியில் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. அறுபது வயதுத் தோளை இருபது வயதுத் தோளோடு ஒப்பிடக்கூடாதுதான். ஆனால் அந்தப் பெண்கள் அரைமணியில் நிறுத்தவில்லை.

இங்கே ஒரு பிழையையும் சொல்லவேண்டும். யந்திரத்தின் கறுப்பு உடல்மீது பொன்னிறத்தில் கொடியும் பூவும் கம்பெனியின் பெயரும் இருக்கும் என்பது பலரும் அறிந்ததே. அவை காகிதத்திலிருந்து மாற்றி ஒட்டப்பெற்ற சித்திரங்கள். மேலே மெல்லிய மெருகுப்பூச்சு அவற்றைக் காக்கிறது. மேசைக்கு அரக்குக் கரைத்தபோது மிஞ்சிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, அழுக்குப் போகட்டும் என்று அந்தக் கொடியின்மேல் தேய்த்தேன். அழுக்கோடு பொன்னும் பஞ்சில் வந்துவிட்டது. அந்தப் பூச்சும் அரக்கு வகையே என்றும், அரக்குக்கு ஸ்பிரிட்டே பகை என்றும் பாய் பிறகு சொன்னார். யந்திர எண்ணெயைத் தொட்டு மெல்லத் துடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யக்கூடாதாம். ஒரு கணத்தில் இரண்டு இலை போயிற்று. ஏறக்குறைய நூறு ஆண்டு நின்றவை அவை. சோட்டா நாகபுரிக் காடுகளில் பூச்சிகள் தரும் அரக்குதான் அக்காலத்தில் உலகெங்கும் மெருகுக்குக் கப்பலேறியது என்று வகுப்பில் பாடம் நடத்தியவன், ஸ்பிரிட்டை எடுக்குமுன் அதை ஒரு கணம் எண்ணியிருக்கலாம்.

ஊசித் தகட்டைக் கழற்றியபோதுதான் உண்மையான அகழ்வாராய்ச்சி நடந்தது. துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியில், நூற்பிசிறும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளிபோல் இறுகிக் கிடந்தன. குச்சியால் நெம்பி எடுத்தேன். மேலே வெள்ளை, அது கடைசிக் காலத்தில் பேரப்பிள்ளைகளுக்குத் தைத்த ஜிப்பாத் துணியாயிருக்கலாம். அதற்குக் கீழே நீலம், நீலம், மேலும் நீலம்; பள்ளிக் கால்சட்டைகள். இடையே சிவப்பு இழை சில. அடித்தட்டில் காக்கி. அம்மா காக்கித் துணி தைத்து நான் கண்டதில்லை. அது அந்த முதிய தையற்காரரின் காலத்தது போலும். முறிந்த ஊசிமுனைகள் மூன்றும் கிடைத்தன.

அந்த முதியவர் அமர்ந்திருந்தது ஜவுளிக்கடைத் திண்ணை. நம் நாட்டில் யந்திரம் முதலில் புகுந்த இடமும் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பம்பாயில் பார்ஸி முகவர் ஒருவரின் பொறுப்பில் ஸிங்கர் வியாபாரம் இந்தியாவெங்கும் பரவிற்று. கொழும்பில் 1877லேயே கம்பெனி காலூன்றியது. இங்கும் தவணைதான் விற்பனைக்கு வழி. தொடக்கத்தில் மிதித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1930களில் கல்கத்தாவில் உஷா யந்திரம் பிறந்து, விடுதலைக்குப்பின் உள்நாட்டு யந்திரங்கள் பெருகவே, அது திண்ணையிலிருந்து கூடத்துக்கும், ஆண்களின் காலிலிருந்து பெண்களின் காலுக்கும் விரைந்து மாறிற்று. அரசுப் பதிவேடுகளில் 'தொழில் இல்லை' என்று எழுதப்பெற்ற எத்தனையோ பெண்கள் அதில் அமர்ந்து குடும்பம் காத்தார்கள். என் பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலும் தாயின் தொழில் என்னும் இடத்தில் ஒரு கோடுதான் இருக்கிறது. அந்தக் கோட்டை இட்டவரும் ஓர் ஆசிரியரே. பிற்காலத்தில் அத்தகைய கோடுகளை நானும் எத்தனையோ இட்டிருக்கிறேன்.

2019 பிப்ரவரியில் யந்திரம் முழுவதும் சேர்ந்தது. புதிய தோல் வார் மாட்டினேன், நூல் கோத்தேன், மிதித்தேன். துணியின் மேற்புறம் அழகான தையல். கீழ்ப்புறமோ கோழி கிளறிய குப்பைபோல் நூற்சுருள். பாபினைக் குறை கூறி அரைநாள் அதனோடு மல்லாடினேன். பாய் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "கீழே சிக்கினா மேலே பாருங்க சார்" என்றார். மேல்நூல் இறுக்கும் தட்டுகள் இரண்டின் நடுவே அமராமல் வெளியே கிடந்தது. உள்ளே இழுத்துவிட்டதும் சரியாயிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 2, காந்தியடிகளின் நூற்றைம்பதாம் பிறந்த நாள். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பள்ளியில் பேச அழைத்தார்கள். இதுவரையில் இந்த மேடையில் நான் சொன்ன கதை பிழை என்று பேச்சைத் தொடங்கி, நேயர்களாகிய உங்களுக்குச் சொன்னவற்றைச் சுருக்கிச் சொன்னேன். முன்பு இருந்த அமைதி இல்லை, பிள்ளைகள் நெளிந்தார்கள். விழா முடிந்ததும், என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் வருத்தத்தோடு, "ஐயா, நல்ல கதையாச்சே, அதைப் போய்க் கெடுத்திட்டீங்களே" என்றார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு என்றேன். பன்னிரண்டு வயதிருக்கும் சிறுமி ஒருத்தி மட்டும் பின்னாலேயே வந்து, அந்தப் பன்னிரண்டு பெண்களுக்கும் வேலை திரும்பக் கிடைத்ததா என்று கேட்டாள். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

யந்திரம் இப்போது என் வீட்டில் இல்லை. அடுத்த தெருவில் தையல் பழகிய இளம்பெண் ஒருத்தி, மின்சார யந்திரம் வாங்கும் வரையில் வேண்டும் என்று கேட்டாள்; கொடுத்தேன். மின்சார யந்திரம் வாங்கியபின்னும் அவள் திருப்பித் தரவில்லை. கனத்த துணிக்கு இதுதான் சரி என்கிறாள். ஐப்பசி மழையில் தோல் வார் ஈரம் ஏறித் தளர்ந்துவிடுகிறது. "தாத்தா, வார் வழுக்குது" என்று ஆள் அனுப்புவாள். கத்தியும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு சென்று, வாரில் அரை விரற்கடை நறுக்கி, கம்பிக் கொக்கியை மீண்டும் கோத்துவிட்டு வருவேன்.